வேண்டாம் என்று சொல்ல அண்ணனுடைய முறை

மேடையில் அமர்ந்திருக்கும் தலைவர் ஈஸ்வரமூர்த்தி அவர்களே, மேடைக்கு வரமாட்டேன் என்று கீழே எங்களோடு உட்கார்ந்திருக்கும் நரசிம்மலு அண்ணனின் மகள் ஷ்ரவ்யா கண்ணு, சூலூரில் தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கும் விசைத்தறிக்காரர்களே, பாவுப் பட்டறையில் வேலை செய்யும் சகோதரிகளே, எல்லாருக்கும் வணக்கமுங்க. நான் கரோலின். பட்டறையின் ஏழு பங்குதாரர்களில் ஒருத்தி.

நம் பட்டறையின் செயலாளர், மரியாதைக்குரிய நரசிம்மலு அண்ணன் போய்விட்டார். உங்களைத் தேற்ற நான் வரவில்லை. எனக்கே தேறவில்லை.

எனக்கு முன்னால் பேசியவர்கள் அவரை உழைப்பாளி என்றார்கள், நேர்மையானவர் என்றார்கள். இருக்கட்டும். சூலூரில் உழைக்காதவர் யார்? தறிக்கு வேண்டிய பாவு நூலைச் சுற்றித்தரச் சொல்லிப் பெரிய கம்பெனி வாசலில் காத்துக் கிடந்த ஆறு பேரைத் தன்னோடு சேர்த்து, பொதுவாக ஒரு பட்டறை கட்டியவர் அவர். கட்டியதுகூடப் பெரிதில்லை. அந்த ஏழு பேரையும் ஒரே அறையில் உட்காரவைத்து, மனதில் இருப்பதை வாய்விட்டுச் சொல்லவைத்தாரே, நம் ஊரில் அதைவிடக் கஷ்டமான வேலை உண்டா?

நம் மரியாதை நமக்குத் தெரியாததா? எதிரே இருப்பவர் மனம் நோகக் கூடாது. யார் என்ன சொன்னாலும் “செரிங்க.” இன்னும் பெரியவர் சொன்னால் “நீங்க சொன்னாச் செரிங்க.” அந்தச் செரிங்கதான் ஒருமுறை நம்மைக் குப்புறத் தள்ளியது. எல்லாத் தறிகளையும் ஒரே மொத்த வியாபாரிக்கு ஓட்டலாம் என்று ஒருவர் சொன்னார். ஏழு பேரும் செரிங்க என்றோம். கூட்டம் முடிந்து டீக்கடைக்குப் போனால், “எனக்கு அப்பவே மனசு ஒப்பலைங்க” என்கிறார் ஒருவர். “எனக்குந்தானுங்க” என்கிறார் அடுத்தவர். விசாரித்தால் ஒருவருக்குமே ஒப்பவில்லை. ஒருவருமே வேண்டாத ஒன்றுக்கு எல்லாரும் தலையாட்டிவிட்டு வந்திருந்தோம். அந்த வியாபாரி கடையை மூடிவிட்டுப் போனார். அவர் எடுக்காத துணி இன்னும் என் வீட்டு மாடியில் கிடக்கிறது. மழைக்கு ஒழுகினால் அதைப் போட்டுத்தான் துடைக்கிறேன்.

அன்று டீக்கடையில் அண்ணன் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: “ஏனுங்க, இங்க பேசறத அங்கயே பேசியிருந்தா என்னங்க?”

அடுத்த கூட்டத்தில் புது முறை ஒன்றைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவர் எழுந்து ‘வேண்டாம்’ சொல்ல வேண்டும். வரிசைப்படி முறை மாறும். யோசனை தனக்குப் பிடித்திருந்தாலும் முறைக்காரர் அது ஏன் கூடாது என்று பேசியே ஆக வேண்டும். அவர் பேசி முடிக்கும்வரை எதுவும் முடிவாகாது. யாராவது முகம் சுளித்தால், “அவரு சொல்லலீங்க, முறை சொல்லுதுங்க” என்பார் அண்ணன். அதற்குப் பிறகு யாரும் யார்மேலும் வருத்தப்பட முடியவில்லை.

தம்பி ஜெப்ரி பைக்கிலிருந்து விழுந்து, கை ஒடிந்து, தறி நின்றுபோனது நினைவிருக்கிறதா? அவரை விலக்கிவிட்டு வேறொருவரைச் சேர்க்கலாம் என்று யோசனை சொன்னவர் இதோ நம் தலைவர். அன்றைக்கு வேண்டாம் முறையும் அவருக்கே வந்தது. எல்லாரும் சிரித்தோம். தன் பேச்சைத் தானே மறுக்க எழுந்து, “ஜெப்ரி தம்பி இந்தப் பட்டறைக்குக் கல்லுச் சொமந்தவருங்க” என்று முறைக்காகத்தான் தொடங்கினார். பேசப் பேச அவர் மனமே மாறிவிட்டது. “நான் சொன்னது தப்புங்க. அவரு தறிய நாமளே மாத்தி மாத்தி ஓட்டிக் குடுத்துப்போடலாமுங்க” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ஜெப்ரி, அந்தக் கையால்தானே நீங்கள் இன்றைக்கு அண்ணனுக்கு மாலை போட்டீர்கள்.

அப்படி இருந்தோமுங்க.

அண்ணனை மாரடைப்பு கொண்டுபோன பிறகும் ஒரு கூட்டம் நடந்தது. பட்டறையைப் பெரிய கம்பெனிக்கே விட்டுவிடலாம் என்று ஒரு குரல். முறை யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை. செரிங்க, செரிங்க, செரிங்க. நான் வாயெடுப்பதற்குள் நாற்காலியை மடக்கிவிட்டார்கள். டீக்கடையில் மட்டும் மூன்று பேர் என் காதருகே வந்து, மனசு ஒப்பவில்லை என்றார்கள். அந்த மூன்று பேரும் இங்கேதான் இருக்கிறார்கள்.

பட்டறை கைமாறினால் நமக்குப் பாவு எப்போது கிடைக்கும்? கம்பெனித் தறிகளுக்குப் போக மிச்சம் இருந்தால் கிடைக்கும். பாவு இல்லாத தறி எத்தனை நாள் நிற்கும்? பழைய இரும்புக்கு லாரி ஏறிப் போகும் தறிகளை இதே ரோட்டில் நாம் பார்க்கவில்லையா?

அந்தத் தீர்மானத்தைத்தான் இந்தக் கூட்டத்தின் முடிவில், அண்ணன் படத்துக்கு முன்னால், ‘ஒருமனதாக’ என்று வாசிக்கப் போகிறார்கள்.

நாம் முறைக்காகப் பேசவில்லை, அண்ணன் முகத்துக்காகத்தான் பேசினோம் என்று இப்போது தெரிகிறது. முகம் போனது, பேச்சும் போனது. இரங்கல் கூட்டத்தில் கடைசியாக ஓர் உறுதி சொல்ல வேண்டும். அவர் பணியைத் தொடர்வோம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. தொடருவோம் என்ற நம்பிக்கை எனக்கு இல்லீங்க.

என்னால் ஆவது ஒன்றுதான். அண்ணன் இருந்த கடைசிக் கூட்டத்தில் வேண்டாம் சொன்னவர் ஜெப்ரி. வரிசைப்படி அடுத்தது நரசிம்மலு அண்ணன். அவரால் வர முடியவில்லை. அவருக்கு அடுத்த பெயர் என்னுடையது.

தலைவர் அவர்களே, தீர்மானத்தை வாசியுங்கள். வாசித்து முடித்ததும், அண்ணன் படத்தைப் பார்த்து, “முறை யாருக்குங்க?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அதுவரைக்கும் நான் இந்த மைக்கை விட்டு நகரமாட்டேன்.