நனையாத வேட்டி

இந்த நாற்காலியை வாசலைப் பார்த்துப் போட்டிருக்கிறீர்கள் ஐயா, அதற்கு முதலில் நன்றி. வாசல் கண்ணில் படாத இடத்தில் உட்கார்ந்தால் எங்கள் தொழில்காரனுக்குப் பேச்சே வராது. விருதுநகர் கொட்டகைக்குப் படம் பார்க்கப் போனாலும் கதவோரப் பெஞ்சுக்குத்தான் அடித்துக்கொள்வோம். திரையில் கதாநாயகி உயிரை விட்டுக்கொண்டிருப்பாள். நாங்கள் கதவைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

நீங்கள் தூத்துக்குடிக்காரர், அதனால் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். திருத்தங்கலில் சின்னதாக ஒரு பட்டாசுக் கம்பெனி வைத்திருக்கிறேன். எங்கள் அறைகளுக்கு நாலு பக்கமும் வாசல் உண்டு. புதிதாக வருகிற ஆளுக்கு மருந்து கலக்கச் சொல்லிக்கொடுப்பதற்கு முன்னால் ஓடச் சொல்லிக்கொடுப்போம். திரி 'சர்'ரென்று கேட்டால் எங்கே, எது என்று திரும்பிப் பார்க்கக் கூடாது. முகம் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கமே ஓட வேண்டும், அங்கே ஒரு வாசல் இருக்கும். பார்த்துவிட்டு ஓடலாம் என்று நின்றவர்களின் படங்களுக்கு வருஷா வருஷம் மாலை போட்டுக்கொண்டிருக்கிறோம். ஓட்டம் எங்கள் ஊரில் கோழைத்தனம் இல்லை, தொழில் சுத்தம்.

ஆனால் கல்யாணப் பந்தியில் ஓடக் கூடாது. நான் ஓடினேன்.

என் சிநேகிதன் வெள்ளைத்துரை வீட்டுக் கல்யாணம், நாரணாபுரத்தில். அவனும் பட்டாசுக்காரன், என்னைவிடப் பத்து மடங்கு பெரிய கம்பெனி. பந்தியில் மற்றவர்கள் சமையல்காரரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு மட்டும் அடுப்பு முதுகுப் பக்கம். அந்த மனுஷர் கொதிக்கிற எண்ணெயில் ஈரக் கறிவேப்பிலையை அள்ளிப் போட்டார். எனக்கு நினைவு வந்தபோது ஒரு பருத்திக் காட்டின் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். கையில் அப்பளம் இருந்தது. அது நொறுங்கக்கூட இல்லை.

வெள்ளைத்துரைக்குக் கதை சொல்ல வரும். சும்மா சொல்ல மாட்டான், எழுந்து நின்று நடித்துக் காட்டுவான். அப்பளத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, வேட்டியைத் தூக்கிக்கொண்டு, நான் ஓடியதைவிட அழகாக ஓடுவான். நானும் சிரித்தேன். நல்ல கதை என்றால் யாரைப் பற்றியது என்று பார்க்கவா முடியும்? காசிராஜன் என்று தகப்பனார் வைத்த பெயர் ஓட்டக்காசி ஆகிவிட்டது. மதுரையிலிருந்து ஆர்டர் கொடுக்க வந்த வியாபாரி, "ஓட்டக்காசி அண்ணாச்சி கம்பெனி எங்கன இருக்கு?" என்று பஸ் ஸ்டாண்டில் கேட்டு வந்து சேர்ந்தார். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? விட்டுவிட்டேன்.

பிறகு என் மகள் வீரலட்சுமியைப் பெண் பார்க்க விருதுநகர் எண்ணெய் வியாபாரி வீட்டிலிருந்து வந்தார்கள். நல்ல குடும்பம். பெண்ணைப் பிடித்திருந்தது என்பது முகத்திலேயே தெரிந்தது. அந்த நேரம் பார்த்து அடுக்களையில் என் மனைவி சொர்ணலட்சுமி தாளித்தாள். மாப்பிள்ளையின் தகப்பனார் என் தொடையைத் தட்டி, "பயப்படாதீக சம்பந்தி, கடுகுதான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கேசரியையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்கள். அப்புறம் பதில் வரவே இல்லை.

தரகு பேசிய மூக்கம்மாள்தான் விஷயத்தைச் சொன்னாள். "அவுக ஒரு குறையும் சொல்லலை அண்ணாச்சி. நாளைக்குப் பேரன் பெறந்தா தாத்தா பேரு வைக்கணுமேன்னு யோசிக்காக."

வீரலட்சுமி அழவில்லை. தட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டே, "அப்பா, அன்னைக்கு நீங்க கொஞ்சம் மெதுவா ஓடியிருக்கலாம்" என்றாள். அதுதான் ஐயா எனக்கு வலித்தது. அவள் கோபப்பட்டிருந்தால் சமாளித்திருப்பேன்.

நேராக வெள்ளைத்துரையிடம் போனேன். "அந்தக் கதையை விட்டுரு துரை, புள்ளைக்கு இடம் அமைய மாட்டேங்கு" என்றேன். அவன் காபி வாங்கிக் கொடுத்தான். "ஏலே, அது இப்ப ஊர்க் கதைலே. நான் விட்டாலும் ஊரு விடாது. அதைவிட நல்ல கதை ஒண்ணு கொண்டா, இதை எல்லாரும் மறந்துருவாக" என்றான்.

யோசித்துப் பார்த்தேன். நியாயமாகத்தான் பட்டது. ஓட்டக்காசி கதையைவிட நல்ல கதை எதுவாக இருக்க முடியும்? வெள்ளைத்துரை ஓடுகிற கதை. அதிலும் ஓட்டக்காசி பக்கத்திலேயே ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்கிற கதை.

ஓட வைப்பது சுலபம். ஒரு துண்டு வெறும் திரி போதும், மருந்து வேண்டாம், வெடி வேண்டாம். அதைச் சின்னப் பிள்ளைகூடக் கையில் பிடிக்கலாம். சிரமம் என் பக்கம்தான் இருந்தது, நானும் பட்டாசுக்காரன் அல்லவா? ஆடி மாதத்திலிருந்து பழகினேன். தொழுவத்தில் நாற்காலி போட்டு உட்காருவேன், சொர்ணலட்சுமி முதுகுக்குப் பின்னால் நின்று திரி கொளுத்துவாள். ஆரம்பத்தில் தெருமுனை வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வருவேன். ஒரு நாள் மாட்டையும் அவிழ்த்துக்கொண்டு ஓடியிருக்கிறேன். "வெறுந்திரிதாங்க, இங்கன பாருங்க" என்று அவள் கெஞ்சுவாள். ஏதோ வைத்தியம் என்று நினைத்துக்கொண்டாள், பாவம். ஆவணி போய்ப் புரட்டாசி கடைசியில் உட்கார்ந்துவிட்டேன். கண் இமைகூட ஆடவில்லை. அன்றைக்கு அவள் எனக்குச் சுற்றிப் போட்டாள்.

தீபாவளி முடிந்துவிட்டால் எங்கள் ஊரே ஓய்ந்துவிடும். சீசன் அலுப்புத் தீர நாங்கள் மூன்று சிநேகிதர்களும் வருஷம் ஒரு நாள் எங்காவது போய்வருவோம். நான், வெள்ளைத்துரை, எம். புதுப்பட்டியில் கம்பெனி நடத்தும் உக்கிரபாண்டி. வழக்கமாகக் குற்றாலம்தான். இந்த வருஷம் கடல் பார்க்கலாம் என்று நான்தான் சொன்னேன். பாய்மர வள்ளம் ஒன்றை வாடகைக்குப் பேசியதும் நான்தான்.

வள்ளக்காரர் மிக்கேல் ஏறும்போதே, "யாருக்கெல்லாம் நீச்சல் தெரியும்?" என்று கேட்டார். நாங்கள் சிரித்தோம். எங்கள் பக்கத்துக் கிணறுகளில் கோடையில் வாளியே குப்புறக் கிடக்கும், மனுஷன் எங்கே நீந்துவது?

நல்ல நாள் ஐயா அது. மழை விட்டு வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. புளிச்சோறு, அவித்த முட்டை, உங்கள் ஊர் மக்ரூன் எல்லாம் இருந்தது. சீட்டு விளையாடினோம். உக்கிரபாண்டி பாடினான், அதைக்கூடப் பொறுத்துக்கொள்ள முடிந்தது. கரை கோடாகத் தெரிந்த இடத்தில் வெள்ளைத்துரை மிக்கேலுக்கு என் கதையைச் சொன்னான். சோற்றோடு வந்த அப்பளத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, ஆடுகிற வள்ளத்தில் எழுந்து நின்றே நடித்தான். மிக்கேல் சிரித்த சிரிப்பில் சுக்கானை விட்டுவிட்டார். நானும் சிரித்தேன்.

அப்புறம் அவர்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் கடலைப் பார்த்து உட்கார்ந்தார்கள். நான் அவர்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தேன். மிக்கேல் எங்களுக்கு முதுகு காட்டிப் பாய்க்கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தார். காலியான தூக்குச்சட்டிக்குள் வெறும் திரியைப் போட்டுக் கொளுத்தினேன். பித்தளைச் சட்டி, சத்தம் நன்றாக எடுத்துக் கொடுத்தது.

வெள்ளைத்துரை இடது பக்கம் போனான், உக்கிரபாண்டி வலது பக்கம் போனான். ஒருத்தனும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் சட்டியைக் கடலில் போட்டேன். சிரிப்பு வந்தது, சிரித்தேன், மறைப்பானேன். மிக்கேல் பதறிப் போய்ப் பக்கத்தில் கிடந்த உக்கிரபாண்டியைப் பிடிக்க வலது பக்கம் குதித்தார். அவனை இழுத்து வள்ளத்தில் போட்டுவிட்டு அவர் இந்தப் பக்கம் நீந்தி வந்தபோது வெள்ளைத்துரை இல்லை.

இதற்குப் பிறகுதான் ஐயா எனக்கு அநியாயம் நடந்தது. உக்கிரபாண்டி கடல் தண்ணீரோடு அப்படியே என் மடியில் விழுந்தான். என்னைக் கட்டிக்கொண்டு அழுதான், குடித்த உப்புத்தண்ணீரை எல்லாம் என் மேலேயே கக்கினான். பாதுகாத்து வைத்திருந்த வேட்டி தெப்பமாக நனைந்துவிட்டது. கரையில் கூடியிருந்த கூட்டம் பார்த்தது என்ன? நனைந்த ஆட்கள் மூன்று பேர். என்ன சத்தம் என்று கேட்டதற்குப் பாய்க்கயிறு மரத்தில் உரசியிருக்கும் என்றார் மிக்கேல். நானும் ஆமாம் போட்டேன். அதுவரை எனக்குக் கவலை இல்லை. ஆனால் உக்கிரபாண்டி மாரியம்மன் மேல் சத்தியம் பண்ணுகிறான்: "மொதல்ல குதிச்சது காசிதான். நான் கண்ணால பாத்தேன். மொதல்ல ஏறினதும் அவன்தான்."

திரும்பிப் பார்க்காமல் குதித்தவன் எதைக் கண்ணால் பார்த்தான்? யாரும் கேட்கவில்லை. மிக்கேலோ, பாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன், யார் குதித்தார் யார் ஏறினார் என்று தெரியாது என்கிறார். கேட்க வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை, நான்தான் ஓட்டக்காசி ஆயிற்றே. சிவகாசி முழுக்க இப்போது ஒரே கதை, ஓட்டக்காசி கடலிலும் ஓடினான் என்று. வெள்ளைத்துரை இல்லாமலே அது பந்திக்குப் பந்தி நடக்கிறது. நீங்களும் உங்கள் ஸ்டேஷன் ரிப்போர்ட்டில் 'மூவரும் அஞ்சிக் குதித்தனர்' என்று எழுதி முடித்துவிட்டீர்கள். தை பிறந்தால் வீரலட்சுமியைப் பார்க்க ஏழாயிரம்பண்ணையிலிருந்து வருகிறார்கள். அதற்குள் இதைத் திருத்த வேண்டும் என்றுதான் விடிந்ததும் முதல் பஸ் பிடித்து வந்தேன்.

கொலைகாரன் மகள் என்று ஆகிவிடுமே என்கிறீர்கள். ஆகட்டும் ஐயா. வருகிறவர்கள் பயப்படுவார்கள். சிரிக்க மாட்டார்கள்.

நான் குதிக்கவில்லை என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டீர்கள். சொல்கிறேன். மிக்கேல் அந்தப் பக்கம் உக்கிரபாண்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது வெள்ளைத்துரை இந்தப் பக்கம் மேலே வந்தான். நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேர் கீழே, எட்டினால் பிடிக்கலாம். "காசி, கை குடுலே" என்றான். அவன் என்னை வெறும் காசி என்று கூப்பிட்டு எத்தனையோ நாளாயிற்று. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. ஆனால் கனத்த ஆள், குனிந்து இழுத்தால் நெஞ்சு நனையும், வேட்டி நனையும். நனைந்துபோய்க் கரை ஏறினால், நான் குதிக்கவில்லை என்பதை யார் நம்புவார்கள்? வேட்டியை முழங்காலுக்கு மேலே சுருட்டிக்கொண்டு பின்னால் நகர்ந்து உட்கார்ந்தேன். அவன் இன்னொரு தடவையும் கூப்பிட்டான்.

கை கொடுக்கவில்லை. எழுதிக்கொள்ளுங்கள் ஐயா, அவன் முங்கும் வரைக்கும் என் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.