பெரிய ற

என் கையெழுத்து அழகானது என்று எல்லோரும் சொல்வார்கள். கல்யாண அழைப்புக் காட்டுகளில் பெயர் எழுதவும், திருநாள் அறிவித்தலை எழுதிக் கோயில் வாசலில் ஒட்டவும் எங்கள் கரையில் என்னைத்தான் தேடி வருவார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. வாயால் சொல்லும்போது நான் தடுமாறியதைப் பார்த்துவிட்டுக் கதிரையும் தாளும் தந்தீர்கள். "எழுத்துப் பிழை எண்டு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டிட்டுப் போம்" என்றீர்கள். ஒரு வரியில் முடிக்க முடியவில்லை. தொடக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

என் பெயர் அன்ரன் கிருசாந்தன். வயது இருபத்துநான்கு. பகலில் வலைக் கடையில் வேலை. பின்னேரங்களில் புதுக்குடியிருப்பில் ஆங்கில வகுப்பு. அங்கே சுதாஜினி ரீச்சர் எங்களை நாட்குறிப்பு எழுதச் சொன்னார். இடப் பக்கத்தில் தமிழ், வலப் பக்கத்தில் அதையே ஆங்கிலத்தில். இரண்டு வருடமாக ஒரு நாளும் தவறவில்லை. உங்கள் மேசையில் இருக்கும் கொப்பி அதுதான். சிவப்புத் திருத்தங்கள் ரீச்சருடையவை. அவை எல்லாம் வலப் பக்கத்தில்தான் இருக்கும். இடப் பக்கத்தில் திருத்தம் ஒன்றும் இராது.

எங்கள் கரையில் கடலலை விளையாட்டுக் கழகம் இருந்தது. உடையார்கட்டுக்கு அப்பால், வயல் பக்கத்தில், செந்நெல் விளையாட்டுக் கழகம். இரண்டுக்கும் ஒரே குறை, ஆள் இல்லை. வெளிநாடு போனவர்கள் போக மிஞ்சிய பெடியளில் எங்களுடையவர்கள் கடல் அமைதியான மாதங்களில் தொழிலுக்குப் போய்விடுவார்கள். அவர்களுடையவர்கள் விதைப்பிலும் அறுவடையிலும் வயலில் நிற்பார்கள். போன வருடம் உதைபந்தாட்டச் சுற்றில் இரண்டு கழகங்களும் ஒன்பது ஒன்பது பேருடன் இறங்கித் தோற்றன. நான் ஒரு தாளில் பன்னிரண்டு மாதங்களுக்கும் கோடு போட்டு, கடலுக்கு நீலமும் வயலுக்குப் பச்சையும் தீட்டிப் பார்த்தேன். இரண்டையும் சேர்த்தால் எந்த மாதமும் பதினான்கு பேருக்குக் குறையவில்லை. இணைப்பு அந்தத் தாளில்தான் தொடங்கியது.

எனக்குப் பந்தாட்டம் வராது. பள்ளிக்கூடத்தில் மற்றவர்களின் சப்பாத்துகளுக்குக் காவல் இருந்தவன் நான். அந்தத் தாளுக்குப் பிறகு கூட்டங்களில் "பொறுங்கோ, கிருசாந்தனைக் கேப்பம்" என்று சொல்லத் தொடங்கினார்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் எத்தனை தரம் சொன்னார்கள் என்று நாட்குறிப்பில் இருக்கிறது. அதை ஏன் எழுதி வைத்தேன் என்று சரியாகத் தெரியவில்லை.

பெயர் வைக்கும்போதே சண்டை வந்தது. எங்கள் தலைவர் மரியநேசன் மாமா, "கடலை முன்னுக்குப் போடு, அவங்கள் எங்களிட்ட வந்தவங்கள்தானே" என்றார்.

செந்நெல்லின் பயிற்சியாளர் வீரையா அண்ணை எழும்பிவிட்டார். "ஆர் வந்தது? நீங்கள் கூப்பிட்டனீங்கள், நாங்கள் பாவம் எண்டு வந்தனாங்கள்."

இரண்டு பெயரும் வேண்டாம், "ஐக்கியம்" போதும் என்று நான் சொன்னேன். அன்றைக்கு என்னைக் கேட்டது ஆறு தரம்.

இரண்டு பக்கத்தையும் அமைதிப்படுத்த உடன்படிக்கையில் ஏழாவது விதியையும் நான்தான் எழுதினேன். முதல் பருவத்திலேயே மாவட்டச் சுற்றின் இறுதியாட்டத்தை எட்டாவிட்டால், இரு கழகங்களும் பிரிந்து பழைய பெயர்களுக்குத் திரும்பலாம். அந்த விதி இல்லாமலும் அவர்கள் கையெழுத்து வைத்திருப்பார்களோ என்று பல நாள் யோசித்திருக்கிறேன். எழுதியாயிற்று. பிரிந்தால் இரண்டுமே ஒரு வருடம் தாங்காது என்பது அந்த நீலமும் பச்சையும் பார்த்த எனக்குத் தெரியும்.

இனி, பெயர்கள். எங்களிடம் ஒரு நிறோஜன் இருந்தான், முன்வரிசை ஆட்டக்காரன். அவர்களிடம் ஒரு நிரோஜன், கோல் காப்பாளன். கூப்பிட்டால் இரண்டும் ஒன்றுதான். எழுதினால் எங்களுடையவனுக்குப் பெரிய ற, அவர்களுடையவனுக்குச் சின்ன ர. கரையில் அப்படி வைப்பது வழக்கம், வயல் பக்கத்தில் இப்படி. தகப்பன்மார் மரியதாஸ், மகேந்திரன். அதனால் ஆங்கிலத்தில் முதலெழுத்தும் ஒன்று, பெயரும் ஒன்று. பெடியள் அவர்களைப் பெரிய ற, சின்ன ர என்றே கூப்பிட்டார்கள். பெரிய ற ஐந்தடி நாலு அங்குலம். சின்ன ர ஆறடி.

"டேய் பெரிய ற, உனக்குப் பெருப்பம் எழுத்தில மட்டும்தானடா" என்பான் நிரோஜன்.

"நீ தென்னை மாதிரி வளந்தென்ன, குனிஞ்சு ஒரு பந்து பிடிக்கத் தெரியேல்ல" என்பான் நிறோஜன்.

ஒருவனுக்கு ஒருவன் பட்டப்பெயரைக் கத்திக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போவார்கள். இணைப்பில் உண்மையாகவே இணைந்தது அவர்கள் இருவரும்தான் என்று ஒருநாள் எழுதியிருக்கிறேன். ரீச்சர் அந்த வசனத்தைத் திருத்தவில்லை.

இந்த வருடம் எல்லா ஆட்டக்காரர்களுக்கும் மருத்துவச் சான்றிதழ் வேண்டும் என்று விதி வந்தது. பெடியள் எல்லோரும் ஒரே நாளில் நெஞ்சில் வயர் ஒட்டிப் படம் எடுத்தார்கள். செயலாளர் என்பதால் தாள்கள் என் கைக்கு வந்தன. பத்தொன்பது தாள்களில் பதினெட்டு நல்லவை. ஒன்றில், இதயத் தசை தடித்திருக்கலாம், யாழ்ப்பாணத்தில் ஸ்கான் செய்து பார்க்கும்வரை இவர் ஓடவோ விளையாடவோ கூடாது என்று இருந்தது. ஸ்கானுக்குத் திகதியும் போட்டிருந்தது. பதினாறு நாள் கழித்து.

தாளில் இருந்த பெயர் அந்த ஆங்கிலப் பெயர். பிறந்த திகதியைப் பார்த்தேன். பதிவுப் புத்தகத்தை எடுத்து ஒப்பிட்டேன். அது எங்கள் நிறோஜனுடையது. இரண்டு தரம் ஒப்பிட்டேன். நான் எதையும் இரண்டு தரம் பார்ப்பவன்.

கால் இறுதிக்கு ஐந்து நாள் இருந்தது. அரை இறுதிக்குப் பன்னிரண்டு. பன்னிரண்டு, பதினாறுக்கு முன்னால் வருகிறது.

தாளை மறைத்துவிட்டிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். முடியாது. அந்தப் பெயருள்ள ஒருவர் தகுதியில்லை என்ற விபரம், பிறந்த திகதி இல்லாமல், சுற்றை நடத்துபவர்களுக்கும் போயிருந்தது. யாராவது ஒருவன் உட்கார வேண்டும். கோலுக்கு எங்களிடம் டிலக்ஸன் இருந்தான், சுமாராகப் பிடிப்பான். முன்னுக்கு நிறோஜனை விட்டால் ஆள் இல்லை. அந்தப் பருவத்தில் நாங்கள் போட்ட பதினொரு கோலில் எட்டு அவனுடையவை. இதில் கோபமோ பகையோ இல்லை, ஐயா. நீலமும் பச்சையும் போலத்தான்.

தாளை உறையில் போட்டு ஒட்டினேன். மேலே பெயரைத் தமிழில் எழுதினேன். சின்ன ர.

நிரோஜன் வீட்டுக்கு நானே கொண்டுபோனேன். முற்றத்தில் நெல் மூட்டை இறக்கிக்கொண்டு நின்றான். சொன்னதும் மூட்டையை மெதுவாகக் கீழே வைத்தான், அது அவனுடைய நெஞ்சு போல. அவனுடைய தாய் இராசமலர் அக்கா, "என்ன தம்பி, இவனுக்கு ஒரு நாள் காய்ச்சல் எண்டும் படுத்ததில்லையே" என்றா. யாழ்ப்பாணத்தில் டொக்டர்தான் உறையைப் பிரிக்க வேண்டும் என்று சொன்னேன். அவன் தலையாட்டினான். நல்ல பிள்ளை, சொன்னதைக் கேட்பவன்.

அன்றைக்கு நாட்குறிப்பின் ஆங்கிலப் பக்கத்தில், அந்தப் பெயருள்ளவர் விளையாடக் கூடாது என்று மருத்துவத் தாள் வந்திருக்கிறது என எழுதினேன். அதில் பொய் இல்லை. ஆங்கிலத்தில் இரண்டு பேரும் ஒருவர்தான். தமிழ்ப் பக்கம் வெறுமையாக இருக்கிறது. இரண்டு வருடத்தில் அந்த ஒரு பக்கம்தான். நேரம் போதவில்லை என்று நினைக்கிறேன்.

வயல் பக்கத்தில் முறுமுறுத்தார்கள். "தங்கட டிலக்ஸனை இறக்கத்தான் கரையான்கள் எங்கட பெடியனுக்கு வருத்தம் கண்டுபிடிச்சவங்கள்" என்று வீரையா அண்ணையே என் முகத்துக்கு நேரே சொன்னார். அது எனக்கு மிகவும் நொந்தது. நான் பக்கம் பார்ப்பவன் அல்ல என்பதை இதிலிருந்தே நீங்கள் அறியலாம்.

கால் இறுதியில் நிறோஜன் இரண்டு கோல் அடித்தான். முடிந்த பிறகு கோடு ஓரமாக இருந்து, நெஞ்சைக் கையால் அழுத்திக்கொண்டு, "அண்ணை, மூச்சு ஒரு மாதிரிப் பிடிக்குது, கண்ணும் இருட்டுது" என்றான். வெயில் என்று சொன்னேன். தோடம்பழம் உரித்துக் கொடுத்தேன். ஐந்து நாள் பயிற்சிக்கு வரவேண்டாம், வீட்டில் படு என்றேன். கடலுக்கும் போகவிடவில்லை. அவனுடைய தாய் மதலேனா அன்ரி, "உன்னைப் போல ஒரு தமையன் இவனுக்கு இல்லாமல் போச்சே" என்றா. அவனைப் பற்றி அந்த நாட்களில் என்னைவிட அதிகம் யோசித்தவர்கள் எவரும் இல்லை. தொலைபேசியில் தேடியும் வாசித்தேன். இந்த இதய வருத்தம் உள்ளவர்களில் பலருக்கு ஆயுள் முழுக்க ஒன்றும் நடப்பதில்லை என்று இருந்தது. மற்றவர்களைப் பற்றியும் இருந்தது. அதையும் வாசித்தேன்.

அரை இறுதி பின்னேரம் நான்கு மணிக்கு. நிரோஜனும் வந்திருந்தான். விளையாட முடியாதவன், என் பக்கத்தில் மர வாங்கில் குந்தியிருந்து இடக்கை நாடியை வலக்கையால் பிடித்துப் பிடித்துப் பார்த்தான். பத்து நாளில் மெலிந்துபோயிருந்தான். சைக்கிளும் ஓடுவதில்லை, இரவில் நிமிர்ந்து இருந்தபடிதான் தூங்குகிறான் என்று தாய் சொல்லியிருந்தா.

"எத்தினை அடிக்குது?" என்று கேட்டேன்.

"எழுபத்திரண்டு. கூடவோ அண்ணை?"

"பரவாயில்லை" என்றேன்.

இடைவேளைக்குப் பிறகு ஒன்றுக்கு ஒன்று. நிறோஜன் இரண்டு தரம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றான். அறுபத்தைந்தாவது நிமிடத்தில் வீரையா அண்ணை என்னைத் திரும்பிப் பார்த்தார். "பெடியன் களைச்சுப்போனான். எடுப்பமோ? நீ சொல்லு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மரியநேசன் மாமாவும்தான்.

"இன்னும் ஒரு பத்து நிமிசம்" என்றேன்.

எழுபத்தோராவது நிமிடத்தில் அவன் கோல் அடித்தான். கரையும் வயலும் கட்டிப்பிடித்துக் கத்தின. கால் நூற்றாண்டு முகம் பார்க்காதவர்கள் மாதிரி மரியநேசன் மாமாவும் வீரையா அண்ணையும் தழுவிக்கொண்டார்கள். மூன்று நிமிடம் கழித்து ஒரு நீளப் பந்து வந்தது. தேவையில்லாத பந்து. அவன் அதற்குப் பின்னால் ஓடத் தொடங்கினான். நான் எழுந்து கத்தினேன்.

"நிறோஜன், ஓடாத."

இதைக் கட்டாயம் பதிவு செய்யுங்கள், ஐயா. நான் கத்தினேன். கோல் விழுந்த பிறகுதான் கத்தினேன் என்று நிரோஜன் சொல்லியிருந்தால் அதுவும் சரி.

பக்கத்தில் இருந்தவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். "நான் ஓடேல்லையே அண்ணை. இதிலதானே இருக்கிறன்."

அவன் சொல்லி முடிக்க, மற்றவன் விழுந்தான். கால் தடுக்கி விழுபவர்கள் கையை ஊன்றுவார்கள். இவன் ஊன்றவில்லை. முதலில் ஓடியது நிரோஜன். ஓடக் கூடாது என்றிருந்த அவன், மைதானத்துக்குக் குறுக்கே ஓடி, நிறோஜனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வாகனத்துக்கு ஓடினான். "பெரிய ற, டேய் பெரிய ற" என்று கூப்பிட்டுக்கொண்டே ஓடினான். வைத்தியசாலைக்குப் போகமுன்பே முடிந்துவிட்டது.

ஐக்கியம் இரண்டுக்கு ஒன்று என்று வென்றது. ஏழாவது விதி நிறைவேறியது.

இறுதியாட்டத்தை எங்களால் விளையாட முடியவில்லை. எங்கள் வேண்டுகோளின்படி ஒத்திவைத்திருக்கிறார்கள். ஆனால் செத்த வீட்டில் வயல் பக்கத்தார் பந்தல் போட்டார்கள், சமைத்தார்கள், சேமக்காலைவரை சவப்பெட்டியைத் தோள் மாற்றிச் சுமந்தார்கள். முப்பத்தோராம் நாள் கூட்டத்தில் ஏழாவது விதியை ஒரே மனதாக நீக்கினார்கள். இனி எந்தக் காலத்திலும் பிரிவதில்லை என்றும், கழகத்துக்கு அவன் பெயரைச் சேர்ப்பது என்றும் தீர்மானம். பெயர்ப் பலகை எழுத என்னைக் கேட்டார்கள்.

நிரோஜன் ஸ்கானுக்குப் போனது செத்த வீட்டுக்கு அடுத்த நாள். டொக்டர் உறையைப் பிரித்து, "இது உம்முடைய தாள் இல்லை, பிறந்த திகதியைப் பாரும்" என்றிருக்கிறார். அவன் ஒரு மாதம் அதை வீட்டிலேயே வைத்திருந்தான். பிறகு உறையைக் கொண்டுவந்து உங்களிடம் தந்தான். அப்போதும் அவன் என்னைக் குற்றம் சாட்டவில்லை என்று நீங்களே சொன்னீர்கள். "கிருசாந்தன் அண்ணைக்கு எழுத்து மாறிப்போச்சு" என்றானாம். ஆனால் அந்த ஒரு கத்தலைப் பற்றி மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டானாம்.

நேற்று மதலேனா அன்ரி வந்தா. என் கையைப் பிடித்துக்கொண்டு, "அழாத மோனை. ஒரு எழுத்துத்தானே. ஆருக்கும் பிழை வரும். நான் உன்னை மன்னிச்சிட்டன்" என்றா. வீரையா அண்ணையும் அப்படித்தான் சொல்கிறார். சுதாஜினி ரீச்சரும் செய்தி அனுப்பினார். ஊர் முழுக்க அதே கதை. பெரிய ற எங்கே, சின்ன ர எங்கே என்று தெரியாமல் நான் எழுதிவிட்டேனாம்.

நீங்கள் கேட்ட அந்த ஒரு வரியை எழுதினால் நான் வீட்டுக்குப் போகலாம். இந்த ஐந்து தாள்களையும் தந்தால் கரையும் வயலும் ஒன்றுக்கொன்று முகம் பார்க்காது, ஐக்கியம் இந்தக் கிழமையே உடையும். இதை நான் முழுதாக யோசித்தேன். அந்தக் கழகத்துக்காகத்தான் எல்லாவற்றையும் செய்தேன் என்று முதல் தாளிலிருந்து உங்களுக்குச் சொல்லி வந்திருக்கிறேன். இருந்தும் அந்த ஒரு வரிக்குக் கீழே கையெழுத்து வைக்க முடியவில்லை, ஐயா. நான் எழுதிய எதையும் எடுத்துப் பாருங்கள், பதிவுப் புத்தகம், உடன்படிக்கை, நாட்குறிப்பு, அந்த உறை. அந்த எழுத்தில் நான் ஒரு நாளும் பிழை விட்டதில்லை.