மேட்ரன் தங்கபுஷ்பம் எழுதியதும் கமிட்டி படிக்காததும்

கனிவில் கடலே! கண்டிப்பில் கற்கோட்டையே! முப்பத்திரண்டு ஆண்டுகளாக எங்கள் மயிலாப்பூர் மாதர் ஆஸ்பத்திரியில் வெள்ளைச் சேலையும் விறுவிறு நடையுமாக வலம்வந்து, நோயாளிகளைச் சிரிக்கவும் டாக்டர்களை நடுங்கவும் வைத்த மேட்ரன் தங்கபுஷ்பம் அம்மையீர்! வணக்கம்.

ஓய்வுபெறுபவருக்கு விடைகொடுக்கும் வேளையில் பிழைபொறுக்க வேண்டுவது மரபு. இம்மடலை எழுதப் பணிக்கப்பட்ட ஆபீஸ் குமாஸ்தா கணேசமூர்த்தியோ, பிழையை நான்கு வருஷம் முன்கூட்டியே செய்து வைத்திருப்பவர். யுத்தகாலக் காகிதப் பஞ்சத்தில், தாங்கள் ஈராண்டு வார்டு வார்டாகக் கேட்டறிந்து செய்த ஆராய்ச்சியை, பழைய சலவைப் பட்டியல்களின் பின்பக்கத்தில் எழுதினீர்கள். நர்ஸ் பரீட்சை விதிகளை வகுக்கும் சர்க்கார் கமிட்டிக்கு அனுப்ப வேண்டிய அந்த அறுபத்து நான்கு தாள்களை அவர் மேஜைமேல் வைத்துவிட்டு, பிரசவ அறையிலிருந்து கூப்பிட்டார்களென்று ஓடினீர்கள். கணேசமூர்த்தி முன்பக்கத்தை மட்டும் பார்த்தார். படுக்கை விரிப்பு நாற்பது, தலையணை உறை அறுபது என்றிருந்தது. பரம திருப்தியோடு "சரிபார்க்கப்பட்டது" என்று முத்திரை குத்திச் சலவைக் கட்டில் சேர்த்துவிட்டார். கமிட்டி யோசிக்கிறது என்றெண்ணித் தாங்கள் பதினோரு மாதம் பொறுத்திருந்தீர்கள். விஷயம் வெளிப்பட்டு, கணேசமூர்த்தி தாள்களைத் தேடியெடுத்துத் தம் கையாலேயே கட்டிக் கமிட்டிக்கு அனுப்பியபோது தாங்கள் திட்டவில்லை. ஒரு மாதம் அவரைச் "சலவை ஸார்" என்று மரியாதையாகக் கூப்பிட்டீர்கள். திட்டியிருக்கலாம்.

உண்மைக்கு உறைவிடமே! அந்தத் தாள்களில் என்ன இருந்தது என்பதைச் சபையோர் அறியட்டும். சிந்தாதிரிப்பேட்டைச் சந்திலிருந்து டிராம் ஏறி வந்த தாயும், தியாகராய நகர் பங்களாவிலிருந்து காரில் வந்த தாயும் ஒரே காலையில் ஒரே காய்ச்சலோடு வந்தால், பின்னவருக்குப் பத்தாவது நிமிஷம் கட்டில். முன்னவருக்குப் பகல் ஒரு மணிவரை தாழ்வாரம். எங்கள் ஆஸ்பத்திரியில், எங்கள் கண்ணெதிரே! மருந்தை எத்தனை வேளை குடிப்பதென்று தெரியாமலே வீடு திரும்பியவர்கள் நூற்றுக்கு எழுபத்தொருவர். சீட்டு இங்கிலீஷில் இருந்தது, எடுத்துச் சொல்ல அவர்கள் பாஷை பேசும் நர்ஸ் இல்லை. ஏன் இல்லை? நர்ஸ் பரீட்சையில் தவறிய பெண்களில் பெரும்பாலோர் கட்டுப் போடுவதில் தவறவில்லை, காய்ச்சல் பார்ப்பதில் தவறவில்லை; இங்கிலீஷ் வியாசம் எழுதுவதில் தவறினார்கள்! "பரீட்சையைத் தமிழில் வையுங்கள், நோயாளியின் பேச்சுப் புரிந்தவளை நர்ஸாக்குங்கள்" என்று தாங்கள் கேட்டது இவ்வளவுதான்.

எங்கள் ஆயா ஜைதூன் பீயைப் பாருங்கள். பதினாறு வருஷ அனுபவம். தமிழ், உருது, தெலுங்கு மூன்றிலும் வலியைக் கேட்டறிபவர். பெரிய டாக்டர் "எல்லாம் சரி" என்று கைகழுவிப் போனபின், "உதிரப்போக்கு நிக்கல" என்று கூவி ஒரு தாயைக் காப்பாற்றியவர். பரீட்சை எழுத வயது வரம்பு முப்பத்தைந்து. வருகிற ஜூனில் அவருக்கு அது தாண்டுகிறது.

"நோவு தமிழ்ல வருது, பரிச்சை மட்டும் இன்னாத்துக்கு நைனா இங்கிலீஷ்ல வருது?" என்று அவர் ஒருநாள் கணேசமூர்த்தியைக் கேட்டார். விதிப் புத்தகங்களை மனப்பாடம் செய்த மகானுபாவர் பேனாவுக்கு மை ஊற்றினார். மை ஏற்கனவே நிறைந்திருந்தது, சட்டையும் நிறைந்தது.

பொறுமையின் பொற்குன்றே! யுத்தம் முடியட்டும் என்றது கமிட்டி, முடிந்தது. சுயராஜ்யம் வரட்டும் என்றது; வந்தது. கொடியேற்றி ஏழு மாதமாகிறது. இப்போது "தரம் குறைந்துவிடும்" என்கிறது! எவருடைய தரம் ஐயா? தாழ்வாரத்தில் காத்துக் கிடந்தவளுடையதா? கமிட்டித் தலைவரை நேரில் பார்க்கக் கணேசமூர்த்தி போனபோது அவர் கேட்டது: "நர்ஸம்மாவுக்கு எதற்கய்யா ஆராய்ச்சி? தெர்மாமீட்டர் பார்த்தால் போதாதோ?" சென்ற மாதம் ஆராய்ச்சிக் கட்டு கமிட்டியிடமிருந்து திரும்பி வந்தது. கணேசமூர்த்தி போடும் முடிச்சு கணேசமூர்த்திக்கே அவிழாது என்பது ஊரறிந்தது; அது போட்டது போட்டபடியே வந்திருந்தது.

அன்னையே! முழங்கால் நோவின்றி, சூடு ஆறாத காபியோடும் சொன்னபடி கேட்காத பேரப்பிள்ளைகளோடும், கமிட்டிக்காரர் அத்தனை பேரும் ஓய்வுபெற்ற பின்னும் நெடுங்காலம் தாங்கள் நலமாக இருக்க வேண்டுமென்று மனமார வாழ்த்துகிறோம்.

இம்மடலில் ஆராய்ச்சியைப் பற்றி என்ன எழுதுவது என்பதுதான் கடைசிவரை தீரவில்லை. "நாசூக்காக எழுதும்" என்றார் பெரிய டாக்டர். "எழுதினாற்போலவும் இருக்கணும், எழுதாதாற்போலவும் இருக்கணும் ஓய்" என்றார் ஹெட்கிளார்க். செவ்வாயன்று, பொறுப்பை ஒப்படைக்கத் தாங்கள் தெர்மாமீட்டர்களை எண்ணிக்கொண்டிருந்தபோது, கணேசமூர்த்தி கையைப் பிசைந்துகொண்டு தங்களிடமே வந்தார்.

"அம்மா, 'சர்க்கார் பரிசீலனையில் இருக்கிறது'ன்னு போட்டுடட்டுமா? பிரேம் போட்டு மாட்டப்போறது, பார்க்க அழகா இருக்கும்."

தாங்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"தோத்துப் போச்சுன்னு எழுதுங்க, கணேசமூர்த்தி. படிக்காமலே திருப்பி அனுப்பினாங்கன்னும் எழுதுங்க. தமிழிலேயே எழுதுங்க; ஜைதூன் படிக்கணும்."

இங்ஙனம்,
தாங்கள் சொன்னபடியே எழுதிய
மாதர் ஆஸ்பத்திரி ஊழியர்கள்
மயிலாப்பூர், மார்ச் 1948