மூன்று அடிக்கற்கள் குறித்துத் தலைமையாசிரியை சொன்னது

என் பெயர் அருள்மேரி, வயது அறுபது நடக்கிறது, கணவர் பெயர் ஜெபராஜ். ஓசூரில் குடியிருந்துகொண்டு, சானமாவுக் காட்டை ஒட்டிய மாதப்பன்தொட்டி ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் தலைமையாசிரியையாக வேலை பார்த்து வருகிறேன். இந்த மே மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறேன். என்னை யாரும் அழைத்து வரவில்லை. நேற்று என் பள்ளியில் வாக்குப்பதிவு நடந்தபோது போலீசார் பிடித்துக்கொண்டு வந்த மாங்காய் வியாபாரி அதாவுல்லா எந்தத் தப்பும் செய்யவில்லை என்று சொல்வதற்காக நானாகவே காவல் நிலையத்துக்கு வந்தேன். நான் சொல்லச் சொல்ல உதவி ஆய்வாளர் தமிழ்செல்வி எழுதிக்கொள்கிறார்.

எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரைதான் உண்டு. ஒன்பதாவது படிக்கக் காட்டுச் சாலையைத் தாண்டித்தான் போக வேண்டும். யானைக் கூட்டம் இறங்கிவிட்டால் பஸ்ஸை நிறுத்திவிடுவார்கள், பிள்ளைகள் இருட்டும் வரை வழியிலேயே உட்கார்ந்திருப்பார்கள். பையன்களையாவது அனுப்புகிறார்கள். பெண் பிள்ளைகள் எட்டாவதோடு நின்று, வயதைக் கூட்டிச் சொல்லிக் கம்பெனி வேனில் ஏறுகிறார்கள், இல்லையென்றால் கல்யாணம். அதனால்தான் உயர்நிலைப் பள்ளி கேட்டு மனு கொடுத்தோம். அதன் பிறகு ஒவ்வொரு சட்டமன்றத் தேர்தலுக்கு முன்பும் ஒரு கட்சிக்காரர் மேளதாளத்தோடு வந்து அடிக்கல் நாட்டினார். மூன்று தேர்தல், மூன்று கட்சி, மூன்று கல். கொடிமரத்துக்குப் பக்கத்தில் வரிசையாக நிற்கின்றன. அதற்கு மேல் ஒரு செங்கல்கூட வந்து இறங்கவில்லை.

கல்விக் கொள்கை பற்றி நான் மேடையில் பேசியதுண்டா என்று கேட்கிறார்கள். பேசியதில்லை, இங்கே சொல்கிறேன். இரண்டு மொழியா மூன்று மொழியா என்று மைக் பிடித்து அடித்துக்கொள்கிறார்கள். எங்கள் பிள்ளைகள் வீட்டில் தெலுங்கும் சந்தையில் கன்னடமும் வகுப்பில் தமிழும் பேசுகிறார்கள். அவர்களுக்கு மொழியில் ஒரு குறையும் இல்லை, ஒன்பதாம் வகுப்புதான் இல்லை. உதவி ஆய்வாளர், "இது கேஸுக்கு வேண்டாங்க மேடம்" என்றார். கேஸே அதுதான், எழுதுங்கள் என்றேன்.

தேர்தல் தேதி அறிவித்ததும், தலைவர்கள் பெயர் பொறித்த கல்வெட்டுகளை மூடிவிட வேண்டும் என்பது விதி. கிராம நிர்வாக அலுவலர் வந்து கேட்டார். சத்துணவு அரிசி வந்த சாக்குகளை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அவர் மூன்று கல்லுக்கும் மாட்டிக் கயிறு போட்டுக் கட்டினார். மழைக்குச் சாக்குப் போர்த்திக்கொண்டு நிற்கிற ஆட்களைப் போல அவை நின்றன.

நேற்று எனக்குத் தேர்தல் பணி கிடையாது. அறைச் சாவி கொடுக்கவும் குடிதண்ணீர் வைக்கவும் பள்ளிக்குப் போயிருந்தேன். வாக்காளர் வரிசையில் நின்றிருந்த அதாவுல்லா என்னைப் பார்த்ததும், "டீச்சர், அஃப்ஸானாவ நிறுத்திர்லாம்னு இருக்கேன். டி.சி. வேணும்" என்றார். அவருடைய சின்ன மகள் அஃப்ஸானா இப்போதுதான் எட்டாவது முடித்தாள். கரும்பலகையில் நான் கணக்கைத் தப்பாகப் போட்டால் எழுந்து நின்று திருத்துவாள். கொஞ்சம் பொறுங்கள் பாய், இந்தத் தடவை உயர்நிலைப் பள்ளி வந்துவிடும் என்றேன். அதற்கு அவர், "பெரியவ சபீஹாவுக்கும் இதேதான் சொன்னீங்க டீச்சர். அவளுக்கு ரெண்டு புள்ளைங்க ஆச்சு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னார். அந்தக் கற்களைக் காட்டித்தான் நான் ஊரை நம்பவைத்திருந்தேன்.

அதன் பிறகு நான் நேராகப் போய் மூன்று சாக்கையும் அவிழ்த்தேன். கீழே போட்டால் குப்பையாகும் என்று, "இதப் புடிங்க பாய்" என்று அதாவுல்லாவிடம் கொடுத்தேன். நான் செய்த தப்பு அதுதான். வரிசையில் நின்ற சென்னம்மாள் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெலுங்கில் கேட்டார். தேதி, கட்சி, பெயர், 'இனிதே நாட்டப்பட்டது' வரை மூன்றையும் தமிழில் வாசித்து, தெலுங்கிலும் சொன்னேன். ஒருவரையும் கூட்டியோ குறைத்தோ சொல்லவில்லை. முதல் கல்லுக்குச் சிலர் சிரித்தார்கள். மூன்றாவது கல்லுக்கு யாரும் சிரிக்கவில்லை.

காலையிலிருந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்த மூன்று கட்சி ஏஜெண்டுகளும் ஒன்றாக எழுந்து வந்து, ஒரே புகாரில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். தேர்தல் அலுவலர் என்னை உள்ளே கூப்பிட்டு விளக்கம் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் வெளியே வந்த போலீசார், சாக்கு யார் கையில் இருக்கிறது என்று பார்த்து அதாவுல்லாவை ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள். "ஓட்டப் போட்டுட்டு வந்தர்றேன் சார்" என்று அவர் கேட்டாராம். விடவில்லை என்று சென்னம்மாள் சொன்னார்.

சற்று முன் உதவி ஆய்வாளர் எழுதுவதை நிறுத்திவிட்டு, "ரிட்டயர் ஆகற நேரத்துல சஸ்பெண்ட் பண்ணா பென்ஷன் நின்னுரும் மேடம். யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். அக்கறையில்தான் சொன்னார். யோசித்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன் என்றேன். சாக்கை அவிழ்த்தது நான், வாசித்தது நான். அதாவுல்லா நான் கொடுத்ததைப் பிடித்துக்கொண்டு நின்றார், அவ்வளவுதான்.

இன்று காலை பொக்லைன் வைத்து மூன்று கற்களையும் தோண்டி, வழக்குச் சொத்து என்று கொண்டுவந்து இந்த நிலையத்து வாசலில் போட்டிருக்கிறார்கள். வரும்போது பார்த்தேன். வழக்கு முடிந்ததும் அவற்றைப் பள்ளிக்கே திருப்பித் தரக் கேட்டுக்கொள்கிறேன். உயர்நிலைப் பள்ளி வரும் என்று சொல்ல எங்களிடம் வேறு எதுவும் இல்லை.

அஃப்ஸானாவின் டி.சி. என் கைப்பையில் இருக்கிறது. அதாவுல்லா வெளியே வந்ததும் கேட்பார். அதில் நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

மேலே எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். அத்தனையும் நான் சொன்னது, நடந்தது, யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல. இதில் கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்) ஜெ. அருள்மேரி