செல்வி ரோசலிண்டாவின் மறைவும் மூன்றாம் குழுவின் மாறிகளும்

ஒட்டிப் போட்ட இரண்டு மேசைகளுக்குப் பின்னால் வீற்றிருக்கும் குழுத் தலைவி அனலின் அவர்களே, உளவியல் வகுப்பு மூன்றாம் குழுவின் துயருற்ற தோழர்களே,

இன்று காலை ஏழு இருபதுக்கு, ஜன்னலோரத் தொட்டியில், கடைசி இலையையும் உதிர்த்துவிட்டு, காலமன்சி எலுமிச்சைக் கன்று செல்வி ரோசலிண்டா இயற்கை எய்தினார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிக்கிறேன்.

நாற்பது நாள் அவரைப் புகழ்ந்தோம். பக்கத்துத் தொட்டி புருனோவைத் திட்டினோம். பேச்சு வளர்ச்சியை மாற்றுமா என்பதே சோதனை. புகழ் வாங்கியவர் போய்விட்டார். திட்டு வாங்கியவன் கொழுகொழுவென்று நிற்கிறான்.

ஏன் என்று கேட்டால் இந்தக் குழு என்ன சொல்கிறது?

"திட்டுனா ரோஷம் வந்து வளரும்டா, எங்கப்பா முறை அது," என்கிறார் டோடோங்.

"ரோசலிண்டாதான் சாரா மாறி. அதான் யாரையும் சாராம போயிட்டா," என்கிறார் ஜோவெலின்.

தோழர்களே, எத்தனை முறை சொல்வது? நாம் மாற்றுவது சாரா மாறி, அது பேச்சு. அதனால் மாறுவது சார்ந்த மாறி. அது கன்றின் உயரம். தண்ணீர், மண், வெயில் எல்லாம் இரண்டுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். வகுப்பில் கும்பான் மேடம் தொண்டை வறளச் சொன்னார். இதைப் புரிந்துகொண்ட ஒரே மண்டை என்னுடையது. தினமும் ஒரே அளவில் தண்ணீர் ஊற்றியதும் இந்தக் கைதான்.

மூன்று மணிக்கு அறிக்கை. போன முறை தோற்றோம். இன்றும் தோற்றால் கோடை முழுக்க இதே வகுப்பு. ஹாங்காங்கில் வேலை பார்க்கும் அனலினின் அம்மா மூன்று வருடம் கழித்து ஏப்ரலில் ஊருக்கு வருகிறார், பதினைந்தே நாள். அந்த ஊர் இருப்பதோ இன்னொரு தீவில். இதை யாராவது நினைத்தீர்களா?

தலைவி ஏனோ தொட்டியை முகர்ந்து பார்க்கிறார்.

"டேய் ஜேரிக், மண்ணு ஏன்டா சினிகாங் நாத்தம் அடிக்குது? மேல உப்பு வேற பூத்திருக்கு."

நியாயமான கேள்வி. ரோசலிண்டாவைப் புகழும் பொறுப்பு என்னுடையது. என் கன்று ஜெயிக்கட்டும் என்று, மதியம் மீந்த சினிகாங் புளிச்சாறை அவருக்கு மட்டும் தினமும் ஊற்றினேன். சத்து என்று நினைத்தேன். கொன்றது பேச்சா, சாறா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. 'குழப்பும் மாறி' என்று மேடம் பலகையில் எழுதியபோது அதற்கு மீசை வரைந்தவன் நான். அர்த்தம் இப்போதுதான் புரிகிறது.

அன்னாரின் பணியைத் தொடர்வேன் என உறுதி கூறுகிறேன். 'சோதனையைக் கெடுத்தது ஜேரிக் மட்டுமே' என்று என் கையால் எழுதி, நானே மேடமிடம் கொடுப்பேன். கோடையில் யாராவது உட்கார வேண்டுமென்றால் நான் உட்காருகிறேன். அனலின், படகுச் சீட்டை ரத்துப் பண்ணாதே.

இன்னொன்று. சாரா மாறி, சார்ந்த மாறி என்று சற்றுமுன் முழங்கினேனே, அது உன் நோட்டைப் பார்த்து வாசித்தது. இரண்டில் எது எதுவென்று எனக்கு இன்னும் மாறி மாறித்தான் வருகிறது.