தம்பிக்குப் போட்ட ஜாமீன்

மும்பை ஹைகோர்ட்டுக்குப் போன அன்று வி.டி. ஸ்டேஷன் போகும் ரயிலில் எனக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. காலை ஒன்பது மணிக்கு அப்படிக் கிடைப்பதே பெரிய விஷயம். நல்ல சகுனம் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

என் தம்பி சுடலைக்கண்ணனின் பரோலை ஜெயிலில் ரத்து செய்தது சரிதானா என்று நீதிபதி அன்று விசாரிக்க இருந்தார். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் குடிபோதையில் ஒருவனைக் குத்திக் கொன்று உள்ளே போனவன் அவன். சர்க்கரைப் புண்ணால் கால் அழுக ஆரம்பித்ததும் வைத்தியத்துக்கு வெளியே விட்டார்கள். ஜாமீன் கையெழுத்து நான்தான் போட்டேன். கூடப்பிறந்தவன் போடாமல் வேறு யார் போடுவார்கள்?

லேபர் கேம்ப் குடியிருப்பில் எங்கள் வீடு ஒரே அறை. அதற்குள் அந்தப் புண்ணின் வீச்சம் குடியேறிவிட்டது. கட்டுத்துணியில் மஞ்சளாகச் சீழ் கசியும். அதைத் தடவிப் பார்த்த விரலாலேயே சோற்றைப் பிசைவான். என் மனைவி கனகவள்ளி முகம் சுளிக்காமல் மறுசோறு வைப்பாள். எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். பிரியம் இல்லாமல் இல்லை, அருவருப்பு என் உடம்பின் சுபாவம்.

தினமும் போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும், மும்பையைத் தாண்டக் கூடாது என்பது பரோலின் நிபந்தனை. அந்தச் சமயத்தில் ஊரில் எங்கள் குலசாமி சுடலைமாடனுக்கு வருஷக் கொடைத் திருவிழா வந்தது. ஒன்பது கொடைக்குப் போகாமல் விட்டதால்தான் கால் இப்படி ஆனது என்று அவனிடம் சொன்னேன். உடனே நம்பிவிட்டான்.

"ஸ்டேஷன்ல விடுவாவளாண்ணே?"

"நான் பேசி பர்மிஷன் வாங்கிட்டம்ல. போயி கும்புட்டுட்டு வா."

டிக்கெட்டும் நானே எடுத்தேன். ரயிலேற்றிவிட்ட மறுநாள் ஸ்டேஷனுக்குப் போய், தம்பியைக் காணவில்லை, ஊர்க் கொடைக்குப் போயிருக்கலாம் என்று எழுதிக் கொடுத்தேன். ஜாமீன் போட்டவன் செய்ய வேண்டியதுதானே அது. மாடன் கோயில் வாசலிலேயே பிடித்துவிட்டார்கள்.

அவனுடைய வக்கீல் சாயிரா நல்ல பெண். "அனுமதி இருக்கிறதென்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பேரைச் சொல்ல மாட்டேன் என்கிறான். அந்த ஆள் வந்து ஒத்துக்கொண்டால் பரோல் திரும்பக் கிடைக்கும், காலும் பிழைக்கும்," என்று கோர்ட் வாசலில் என்னிடம் இந்தியில் எடுத்துச் சொன்னாள். உள்ளே, ஜாமீன் போட்டவன் என்பதால் நீதிபதி என்னையே எழுப்பிக் கேட்டார். அப்படி யாரும் சொல்லவில்லை என்றேன். மனு தள்ளுபடியானது.

அழைத்துப் போகும்போது தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"கலங்காதண்ணே. ஒம்பேர நான் மூச்சு விடல. ஒனக்கு ஒண்ணும் வந்துரக் கூடாதுல்லா."

உள்ளங்கை பிசுபிசுவென்று இருந்தது. அவன் தலை மறையும்வரை பொறுத்திருந்து, குழாயில் போய்க் கழுவினேன்.

போன மாதம் ஜெயில் ஆஸ்பத்திரியில் அவன் காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்களாம். கனகவள்ளி இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. நான்தான் அவளைத் தேற்றினேன். புண்ணே போய்விட்டது, இனி வீச்சமும் இருக்காது. அவன் எப்போது வந்தாலும் நம் வீட்டில் இருக்கலாம், எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை.