டாக்டர் ராஜவேலுக்கு ஒற்றை நட்சத்திரம்

"சோறு ஆறுதுங்க. ரெண்டு வாய் சாப்புட்டுப் போங்க."

"வெளியில புள்ளைங்க இருமிக்கிட்டுக் கெடக்குது சிந்து. நீ சாப்புடு, வந்துடறேன்."

கல்யாணமானதிலிருந்து எங்களுக்குள் நடந்த பேச்சு இவ்வளவுதான், இன்ஸ்பெக்டர் சார். சண்டை போட்டதில்லை. என் வீட்டுக்காரர் நல்லவர். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

லப்பைக்குடிக்காட்டில் குழந்தைகளுக்கு அவர்தான் டாக்டர். வீட்டின் முன்பக்கம் கிளினிக், பின்பக்கம் நான். எனக்குப் பொழுது போகட்டும் என்று அவர்தான் கம்ப்யூட்டர் வாங்கி நெட்டும் போட்டுக் கொடுத்தார்.

வெளிநாட்டில் இருக்கும் நம்மூர்க்காரர்கள் எழுதுகிற வெப்சைட் ஒன்று உண்டு. அங்கங்கே பார்த்த டாக்டர்களுக்கு நட்சத்திரம் போடுவார்கள். ஊர் டாக்டர்களுக்கும் தனிப் பக்கம். நாளெல்லாம் அதைப் படிப்பேன். சிங்கப்பூர்க்காரர்களுக்குச் சுத்தம் முக்கியம். துபாய்க்காரர்கள் காக்க வைத்தால் பொறுக்கமாட்டார்கள். லண்டனில் ஒருவர், டாக்டர் முகம் பார்த்துப் பேசவில்லை என்று ஒரு நட்சத்திரம் குறைத்திருந்தார். அவரை எனக்குப் பிடித்தது.

என் வீட்டுக்காரருக்கு எல்லாரும் ஐந்து போட்டிருந்தார்கள்.

முதலில் சிங்கப்பூர்க்காரராக எழுதினேன், ஊசி சுத்தமில்லை என்று. பிறகு துபாய்க்காரராக. கூட்டம் குறையவில்லை. அப்புறம்தான் யோசித்தேன். இந்த ஊரில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் யாரிடம் காட்டுவது என்பது ஜித்தாவிலிருந்து வரும் போனில்தான் முடிவாகும். பிள்ளையைத் தூக்கிப் போவதோ அம்மா. கண்காணாத இடத்தில் இருக்கிற புருஷன் எதற்குப் பயப்படுவான்?

சவுதிக்காரராக ஒரே வரி எழுதினேன். தாய்மார்கள் உள்ளே போனால் டாக்டர் கதவைச் சாத்திக்கொள்கிறார். ஒற்றை நட்சத்திரம்.

அந்த அறைக்குக் கதவே கிடையாது, சார். ஒரு திரைதான். அதையும் ஒதுக்கித்தான் வைத்திருப்பார். வந்து போன பெண்கள் எல்லாருக்கும் அது தெரியும். ஆனால் அவர்களை யாரும் கேட்கவில்லை. கூட்டம் நின்றுபோனது.

பக்கத்துத் தெரு மர்ஜியா மட்டும் பின்வாசல் வழியாக வந்து அழுதாள். அவள் மகள் ருமைசாவுக்கு அடிக்கடி மூச்சிரைக்கும். தூக்கிக்கொண்டு ஓடி வந்தால், இவர் முகத்தில் மாஸ்க் வைத்துச் சரிசெய்து அனுப்புவார்.

"டாக்டரு எங்களுக்கு அண்ணன் மாதிரின்னு எவ்வளவோ சொன்னேன் அக்கா. அங்கே கதவே இல்லியேன்னும் சொன்னேன். 'நெட்டுல போட்டிருக்கான், நீ என்ன பெருசா கண்டே'ங்கிறாரு. அந்தப் படிய மிதிச்சா தலாக்குதானாம்."

"புருஷன் சொன்னா கேக்கணும் மர்ஜியா," என்றேன். காப்பி போட்டுக் கொடுத்தேன்.

அவள் கேட்டாள். அடுத்த முறை ருமைசாவுக்கு இரைத்தபோது, அவள் புருஷன் அனஸ் ஜித்தாவிலிருந்து சொன்னபடியே பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினாள். எங்கள் வாசலைத் தாண்டித்தான் ஓடினாள். நான் ஜன்னலில் நின்றிருந்தேன். குழந்தையின் உதடு நீலம் பாரித்திருந்தது. டாக்டர் பெண்டாட்டி நான், அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். இவர் அப்போதுதான் சாப்பிட வந்து கைகழுவிக்கொண்டிருந்தார்; கூப்பிட்டிருந்தால் அப்படியே ஓடியிருப்பார். ஆனால் இலை போட்டாகிவிட்டிருந்தது.

கூப்பிடவில்லை.

அன்றுதான் அவர் என்னோடு உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டார். கத்தரிக்காய்க் குழம்பு. நன்றாயிருக்கிறது என்றார், என் முகத்தைப் பார்த்து. ஊர் எல்லையைத் தாண்டியதும் பஸ்ஸிலேயே குழந்தை போய்விட்டது என்று ஆள் வந்து சொன்னபோது, மோர் ஊற்றிக்கொண்டிருந்தேன். இலையை அப்படியே விட்டுவிட்டு எழுந்துவிட்டார். அதற்காக நான் கோபித்துக்கொள்ளவில்லை.

பஸ் ஏறச் சொன்னது அதன் அப்பா. நான் எழுதியது ஒரு வரி.

யார் எழுதியது என்று கண்டுபிடிக்கச் சொல்லி உங்களிடம் மனு கொடுத்தவரே என் வீட்டுக்காரர்தான். தேடிப்போனால் அது நெட் வருகிற எங்கள் வீட்டு டெலிபோன் லைனிலேயே வந்து நிற்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. இப்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கமாட்டார்.

நீங்கள் எழுதியிருப்பதில் எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுகிறேன். இங்கே வந்ததிலிருந்து ஒன்றே ஒன்று கேட்க நினைத்து, கேட்காமல் இருந்தேன். இப்போது கேட்டுவிடுகிறேன்.

நான் எழுதியது பொய் என்று ஊரில் மட்டும் சொல்லிவிடாதீர்கள், சார். சொன்னால் எல்லாரும் திரும்பி வந்துவிடுவார்கள்.